‘ஃபீலிங் டைப்’ என்றால் வியாபாரத்துக்கு ஆகாதா?

கேள்வி:

மேடம், எனக்கு வயது 26. குமுளிக்குப் பக்கத்தில் அப்பாவின் ஏலக்காய்த் தோட்டமும் காய் உலர்த்தும் ஸ்டோரும் இருக்கின்றன. அப்பாவுக்கு முடியாமல் போன பிறகு நானும் அண்ணனும்தான் எல்லாம் பார்க்கிறோம். சில மாதங்களுக்கு முன் போனில் ஓர் ஆளுமைத் தேர்வு எழுதினேன். மனிதர்களை நான்கு எழுத்துகளை வைத்துப் பதினாறு டைப்பாகப் பிரிக்கும் தேர்வு. ‘ஐஎன்எஃப்பி-டி’ என்று வந்தது. எனக்கே என்னைச் சொன்ன மாதிரி இருந்தது. ஆசையாக அண்ணனையும் எழுத வைத்தேன். அவனுக்கு ‘ஈஎஸ்டிஜே’. அன்றிலிருந்து தொல்லை.

கூடலூரிலிருந்து ஜீப்பில் வந்து எங்கள் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அப்பா காலத்து ஆள். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. அவருக்கு நாள் கூலியை நிறுத்தி, எடைக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம் என்றான் அண்ணன். நான் முடியாது என்றேன். பேசும்போது அழுகை வந்துவிட்டது. “நீ ஃபீலிங் டைப், உனக்கு வியாபாரம் சரிப்படாது, டெஸ்டே சொல்லிருச்சு” என்று ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டான்.

போன மாதம் மறுபடி தேர்வு எழுதினேன். இந்த முறை ஐஎன்எஃப்ஜே. ஒவ்வொரு டைப்புக்கும் மனம் வேலை செய்யும் விதங்கள் என்று சொல்லப்படும் ‘காக்னிடிவ் ஃபங்ஷன்’ பற்றிப் படித்துப் பார்த்தால், ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது, ஆனால் இரண்டு டைப்புக்கும் ஒரு ஃபங்ஷன்கூடப் பொதுவாக இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் நான் யார்? போடியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. அவரையும் இந்தத் தேர்வு எழுதச் சொல்லலாமா? இதையெல்லாம் யோசித்து ராத்திரி தூக்கமே இல்லை.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இந்தக் கொள்கையை உருவாக்கியவர்கள் வழியிலேயே போய்ப் பார்த்தாலும் அது தவறு.

கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் 1921-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் இந்த ‘ஃபங்ஷன்’ பேச்செல்லாம் தொடங்குகிறது. மனம் நான்கு விதமாக வேலை செய்கிறது என்றார் அவர். இதோ இது இருக்கிறது என்று காட்டுவது புலனறிவு. இது எங்கிருந்து வருகிறது, எங்கே போகும் என்று மோப்பம் பிடிப்பது உள்ளுணர்வு. இது என்ன, எதனோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்பது சிந்தனை. நான்காவதுதான் ஃபீலிங். இது நமக்கு எவ்வளவு முக்கியம், ஏற்கத் தக்கதா, தள்ளத் தக்கதா என்று எடைபோடுவது. இனி இதை மதிப்புணர்வு என்றே எழுதுகிறேன்.

யுங் இந்த நான்கையும் இரண்டு ஜோடியாகப் பிரித்தார். புலனறிவும் உள்ளுணர்வும் தகவல் வாங்கும் வழிகள். சிந்தனையும் மதிப்புணர்வும் தீர்மானம் எடுக்கும் வழிகள். பின்னால் சொன்ன இரண்டையும் அவர் ‘பகுத்தறிவு சார்ந்தவை’ என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வைத்தார். அதாவது மதிப்புணர்வு சிந்தனைக்குச் சமமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஒரு வேலை. அழுகை, கோபம், படபடப்பு எல்லாம் வேறு. அவை எந்த டைப்காரருக்கும் வரும். உங்களுக்கு அழுகை வந்தது, அண்ணனுக்குக் குரல் உயர்ந்தது. அன்றைக்கு இரண்டு பேருமே உணர்ச்சிவசப்பட்டுத்தான் இருந்தீர்கள். அதில் ஒருவருடைய உணர்ச்சி மட்டும் ‘டைப்’ ஆகிவிட்டது.

அந்த அம்மாவின் கூலி விஷயத்தையே வைத்துப் பார்ப்போம். தீர்மானம் எடுக்கும் இரண்டு வழிகளையும் புறமுகம் (வெளியுலகை நோக்கியது), அகமுகம் (தனக்குள்ளே நோக்கியது) என்று திருப்பினால் நான்கு வரும். “ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பிரிக்கிறார், மற்றவர்கள் எத்தனை, கூலி எவ்வளவு” என்று வெளியில் அளக்கக்கூடியதை வைத்து முடிவெடுப்பது புறமுகச் சிந்தனை. அண்ணன் பேசியது இது. “நாள் கூலி என்று பேசிக் கூட்டிவந்துவிட்டு, பாதியில் ஒருவருக்கு மட்டும் எடைக் கூலி என்றால் அது என்ன முறை?” என்று பேச்சுக்குள் இருக்கும் முரண்பாட்டைப் பிடிப்பது அகமுகச் சிந்தனை. “யார் என்ன சொன்னாலும் சரி, இத்தனை வருஷம் உழைத்தவரைக் கண் மங்கியதும் இப்படி நடத்த என் மனம் ஒப்பாது” என்பது அகமுக மதிப்புணர்வு. “அவருக்குச் செய்வதை மற்ற பெண்களும் பார்ப்பார்கள், நாளைக்கு நமக்கும் இதுதானே என்று நினைப்பார்கள், ஜீப்பில் ஆள் வராமல் போனால் என்ன செய்வது” என்று சுற்றியிருப்பவர்களின் மனதைக் கணக்கில் எடுப்பது புறமுக மதிப்புணர்வு.

இந்த நான்கில் எது வியாபாரத்துக்குத் தேவையில்லாதது? காய் எடுக்கும் சீசனில் கம்பம், கூடலூர்ப் பக்கத்து ஆட்களை நம்பித்தான் அங்கே மலையில் வேலை நடக்கிறது. ஆட்கள் நம்மிடம் நிலைத்து நிற்பதும் வரவுசெலவுதான். நீங்கள் சொன்னதில் ஒரு வியாபாரக் காரணம் இருந்தது. அழுகையில் அது காதில் விழாமல் போய்விட்டது. அண்ணன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கண் தெரியாமல் பிரித்தால் வெடித்த காயும் நிறம் போன காயும் நல்ல காயோடு கலந்து போகும், மொத்த லாட்டுக்கும் விலை இறங்கும். அவர் அதைச் சொன்ன விதம்தான் உங்களைப் புண்படுத்திவிட்டது.

தகவல் வாங்கும் பக்கத்திலும் இதேபோல் நான்கு உண்டு. இன்றைய காயின் பச்சை நிறத்தையும் பருமனையும் கையில் அள்ளியே கணிப்பது, போன வருஷம் இதே மாதம் எப்படி இருந்தது என்ற பழைய அனுபவத்தோடு ஒப்பிடுவது, ஒரே சரக்கை வைத்து என்னென்ன செய்யலாம் என்று பல வழிகளை யோசிப்பது, இது கடைசியில் இங்கேதான் போய் முடியும் என்று ஒரே திசையைப் பிடித்துக்கொள்வது. ஏலக்காய் ஏலம் நடக்கும் புத்தடிக்கு இந்த வாரமே அனுப்புவதா, போடிக்குப் பொறுத்து அனுப்புவதா என்று ஒரு வீட்டில் பேச்சு நடந்தால் இந்த நான்கு குரலும் கேட்கும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை மனதில் வைத்துக்கொண்டு “இன்னும் ஏறும்” என்பவரும், அதன் பிறகு விலை விழுந்ததை மறக்காமல் “வந்த விலைக்குத் தள்ளு” என்பவரும் ஒரே தகவலைத்தான் வேறு வேறு வழியில் வாங்குகிறார்கள்.

சரி, இப்போது உங்கள் எழுத்துக் குழப்பத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இந்த அமைப்பின் பலவீனமான இடத்தில் நேராகக் கை வைத்திருக்கிறீர்கள்.

யுங் பதினாறு டைப் எதையும் வகுக்கவில்லை. நான்கு செயல்பாடுகள் (ஃபங்ஷன்கள்), ஒவ்வொன்றும் அகமுகம் அல்லது புறமுகம், ஆக எட்டு வகை. அதோடு, முதன்மையான செயல்பாட்டுக்குத் துணையாக மற்ற ஜோடியிலிருந்து ஒன்று நிற்கும் என்றார். அந்தப் புத்தகம் 1923-ல் ஆங்கிலத்தில் வந்தபோது அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற பெண்மணி அதைப் படித்தார். அவருடைய மகள் இசபெல் மயர்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை ஒரு கேள்வித்தாளாக மாற்றத் தொடங்கினார். போருக்காகப் புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்குத் தகுந்த வேலை எது என்று கண்டுபிடிக்க அது உதவும் என்பது அவருடைய எண்ணம். 1962-ல் அந்தத் தேர்வு முறையாக அச்சில் வந்தது. எம்பிடிஐ (மயர்ஸ்-பிரிக்ஸ் டைப் இண்டிகேட்டர்) என்பது இதுதான். தாய், மகள் இருவருமே உளவியல் பட்டம் பெற்றவர்கள் இல்லை. அதனால் மட்டும் அது தவறாகிவிடாது, ஆனால் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருவி என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கடைசி எழுத்தான ‘ஜே’, ‘பி’ அவர்கள் சேர்த்தது. எந்த ஜோடி வெளியுலகத்தைப் பார்த்து நிற்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. ‘ஜே’ என்றால் தீர்மானிக்கும் ஜோடி வெளியே. ‘பி’ என்றால் தகவல் வாங்கும் ஜோடி வெளியே. உங்கள் விஷயத்தில் போட்டுப் பாருங்கள். நடுவில் இருக்கும் ‘என்’ உள்ளுணர்வு, ‘எஃப்’ மதிப்புணர்வு. ‘பி’ வந்தால் உள்ளுணர்வு புறமுகம் ஆகிறது, மதிப்புணர்வு அகமுகம் ஆகிறது. ‘ஜே’ வந்தால் மதிப்புணர்வு வெளியே போகிறது, உள்ளுணர்வு உள்ளே வருகிறது. முதல் எழுத்து அகமுகத்தைக் குறிக்கும் ‘ஐ’ என்பதால், உள்ளே இருப்பது எதுவோ அதுதான் உங்களுக்கு முதன்மை என்று கணக்கு. அப்படித்தான் ஒரு எழுத்து மாறியதும் முதலிரண்டு இடங்களும் தலைகீழாகின்றன. மூன்றாவதும் நான்காவதும் அந்த இரண்டின் எதிரிடைகளாக நிரப்பப்படுகின்றன.

இப்போது கவனியுங்கள். நீங்கள் எழுதிய தேர்வு இந்தச் செயல்பாடுகளை அளக்கவே இல்லை. அகமுகமா புறமுகமா, ‘ஜே’யா ‘பி’யா என்பது போன்ற நான்கு கோடுகளில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டது, அவ்வளவுதான். செயல்பாட்டு வரிசை அந்த எழுத்துகளிலிருந்து சூத்திரம் போட்டு எடுத்தது. முதல் முறை ‘பி’ பக்கம் நூற்றுக்கு 53, இரண்டாம் முறை 48 என்று வந்திருந்தால்கூட எழுத்து மாறிவிடும். நீங்கள் இருக்கும் இடத்திலேயேதான் இருக்கிறீர்கள், சூத்திரம்தான் எகிறிக் குதிக்கிறது. இந்தக் கோடுகளில் பெரும்பாலான மனிதர்கள் இரண்டு முனைகளில் கூடி நிற்பதில்லை, நடுவையொட்டித்தான் நிற்கிறார்கள். அதனால்தான் கொஞ்ச நாள் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு டைப் மாறுகிறது. உங்கள் போனில் அந்தச் சதவீதம் இன்னும் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

‘ஒன்றுகூடப் பொதுவாக இல்லை’ என்பதும் ஒரு சாராரின் பட்டியல்படிதான். மூன்றாவது இடத்தில் இருப்பது எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பதில் இந்தத் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. முதன்மையானதைத் தவிர மற்ற மூன்றும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் உங்கள் இரண்டு டைப்பிலும் புறமுகச் சிந்தனையும் புறமுகப் புலனறிவும் பொதுவாக வந்துவிடும். ஆக, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பயம் யாருடைய பட்டியலைப் படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது!

இன்னொன்று. உங்கள் முடிவின் கடைசியில் இருந்த ‘டி’ எம்பிடிஐ-யில் கிடையாது. மனம் எவ்வளவு சீக்கிரம் கலங்கும் என்பதைக் காட்ட, நீங்கள் தேர்வு எழுதிய இணையதளம் சேர்த்துக்கொண்டது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ‘பெரும் ஐந்து’ ஆளுமைப் பண்புகளில் ஒன்றுக்கு அது நெருக்கமானது. 1989-ல் மெக்ரே, காஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் எம்பிடிஐ-யின் நான்கு கோடுகளையும் அந்த ஐந்தோடு ஒப்பிட்டார்கள். நான்கும் நான்கோடு ஓரளவுக்குப் பொருந்தின. பொருந்தாமல் விட்டுப்போன ஐந்தாவதுதான் இந்த மனக்கலக்கம். மனிதர்கள் தனித்தனி டைப்களாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முதன்மை, துணை, மூன்றாவது, கடைசி என்ற வரிசையும் ஆய்வில் உறுதிப்பட்டதாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் இதைத் தூக்கி எறிந்துவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளவுகோலாக நம்பாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. பேசுவதற்கு ஒரு வழியாக இது நன்றாகவே உதவும். ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் நான் அடிக்கடி பார்ப்பது, இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான். ஒருவர் ‘எவ்வளவு’ என்பதற்குப் பதில் சொல்கிறார், மற்றவர் ‘இது தகுமா’ என்பதற்கு. யுங்கின் நான்கு கேள்விகள் கையில் இருந்தால், நாம் இப்போது எந்தக் கேள்வியில் நிற்கிறோம் என்று நிறுத்திக் கேட்க முடிகிறது. மனிதர்கள் மேல் முத்திரை குத்த இதைப் பயன்படுத்துவது சிறுபிள்ளை விளையாட்டு என்ற பொருளில் யுங்கே 1934-ல் ஒரு முன்னுரையில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

உங்கள் அண்ணனோடு இதைப் பேசுங்கள். இணையத்தில் உள்ள பட்டியல்படி அவருடைய வரிசை புறமுகச் சிந்தனை, அகமுகப் புலனறிவு, புறமுக உள்ளுணர்வு, அகமுக மதிப்புணர்வு. உங்கள் முதல் முடிவின் வரிசை இதே நான்குதான், அப்படியே தலைகீழாக. அவருக்கு முதலில் வருவது உங்களுக்குக் கடைசியில், உங்களுக்கு முதலில் வருவது அவருக்குக் கடைசியில். யுங் சொல்வது, கடைசியில் இருப்பது பழக்கப்படாதது, களைப்பிலும் நெருக்கடியிலும் முரட்டுத்தனமாக வெளியே வரும் என்று. இதை நான் ஆதாரமாகச் சொல்லவில்லை, யோசித்துப் பார்க்க ஒரு கேள்வியாகச் சொல்கிறேன். ஆட்கள் முன்னால் தங்கையை அப்படிச் சொன்ன அன்று அவர் எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தார்? ஸ்டோரில் இரவு அடுப்பைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்துவிட்டு வந்தவரா? அப்பா படுத்துவிட்ட பிறகு அந்தப் பொறுப்பு அவருக்கு எப்படி இருக்கிறது என்று அவரை யாராவது கேட்டார்களா? மதிப்புணர்வு அவரிடம் இல்லாமல் இல்லை. அப்பா கட்டிய தோட்டம் நட்டத்தில் போகக்கூடாது என்ற பயத்தின் அடியில் இருப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அதற்காக அவர் சொன்னதைப் பொறுத்துப் போகச் சொல்லவில்லை. ஆட்கள் முன்னால் சொன்னது தப்பு. “ஆட்கள் முன்னாடி அப்படிச் சொன்னது எனக்கு வலிச்சுது, இனிமே வேண்டாம் அண்ணா” என்று தனியாக, ஒரு தடவை, டைப் பேச்சே எடுக்காமல் சொல்லுங்கள். அதற்கு எந்தக் கொள்கையும் துணைக்கு வேண்டாம். அப்புறம் அந்த அம்மாவின் விஷயத்தை ஒரு காகிதத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் எவ்வளவு பிரிக்கிறார் என்ற எண்ணிக்கையை நீங்களே குறித்துக்கொண்டு போங்கள். உங்கள் வாயிலிருந்து எண் வந்தால் அண்ணன் காது கொடுப்பார். கண்ணுக்கு வேலை கொடுக்காத ஏதாவது ஒரு வேலை, உதாரணமாகச் சாக்கு தைப்பதோ, வரும் பச்சைக்காயை எடைபோடும்போது உடன் நிற்பதோ, அவருக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முக்கியமாக, அவரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். அந்த வயதில் கண் மங்குவது புரையாக இருக்கலாம், அப்படியென்றால் பெரும்பாலும் சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். இவ்வளவு நாள் அவருடைய கூலியைப் பற்றிப் பேசியதில் அவருடைய கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

வரன் விஷயம் சுருக்கமாக. தேர்வு எழுதச் சொல்ல வேண்டாம். அவர் பதிலை உங்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிவிட முடியும், நீங்களும் அந்த நான்கு எழுத்தை வைத்து அவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். எம்பிடிஐ-யை வெளியிடுபவர்களே ஆளை வேலைக்குத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது என்கிறார்கள். கல்யாணத்துக்கு எப்படி ஆகும்? இந்த டைப்புக்கு இந்த டைப் பொருந்தும் என்று சுற்றிவரும் அட்டவணைகளுக்கும் நம்பத்தகுந்த ஆய்வு ஆதாரம் கிடையாது. அதற்குப் பதில் அவரோடு பேசக் கொஞ்சம் நேரம் கேளுங்கள். வீட்டில் கடைசியாக நடந்த பெரிய சண்டை எதைப் பற்றி, யார் முதலில் பேசினார்கள் என்று கேளுங்கள். பணம் கையில் வந்தால் முதலில் எங்கே போகும், கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் தோட்டத்தைப் பார்க்கக் குமுளிக்கு வந்து போவது அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். பதிலைவிட, நீங்கள் கேட்கும்போது அவர் முகம் கொடுத்துக் கேட்கிறாரா என்று பாருங்கள்.

கடைசியாகத் தூக்கம். நீங்கள் அதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அப்பாவின் நோய், தோட்டத்துச் சுமை, கல்யாணப் பேச்சு, எல்லாம் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. இப்படிப்பட்ட சமயத்தில் எழுதிய தேர்வில் ‘சீக்கிரம் கலங்கும் மனம்’ என்று வந்தால் அது பெரும்பாலும் உங்கள் இப்போதைய நிலைமையைத்தான் சொல்கிறது. இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் சரியாகவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் தள்ளிப் போடாமல் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. கேரளத்திலிருந்து கூப்பிட்டாலும் தமிழில் பேச விரும்புகிறேன் என்று சொல்லுங்கள்.